காகங்கள் கேட்காமல் எடுத்த இட்லி

சாரோன்விளையில் காகங்கள் பலகாரம் சுமக்க ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு, அன்றைக்கு எமிமாளுக்கு அது அற்புதம் என்று தோன்றவே இல்லை, பட்டப்பகல் திருட்டு என்றுதான் தோன்றியது. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த தன் இட்லிக் கடையில் முதல் ஈடு இறக்கி, துணியை உரித்து, ஆவி பறக்கிற இட்லிகளைத் தாம்பாளத்தில் கவிழ்த்துவிட்டு அவள் சட்னி தாளிக்கத் திரும்பிய நேரத்தில் இரண்டு காகங்கள் வந்தன; ஒன்று அறுத்து வைத்திருந்த வாழையிலையில் ஒரு துண்டை இழுத்து விரித்தது, மற்றது உடையாமல் ஐந்து இட்லிகளை எடுத்து வைத்தது, பிறகு இரண்டுமாகச் சட்னிச் சட்டியில் கிடந்த கரண்டியை அலகால் தூக்கி வேண்டிய மட்டும் ஊற்றிக்கொண்டு, இலையின் இரண்டு நுனியையும் ஆளுக்கொரு பக்கம் கவ்விக்கொண்டு, வேதக்கோயில் கோபுரத்துக்கு மேலாகத் தெற்கே பறந்து போயின. ஒரு சொட்டுச் சட்னி கீழே சிந்தவில்லை.

"நாசமாப் போற காக்கா!" என்று எமிமாள் எறிந்த அகப்பை பஸ்ஸுக்கு நின்றவர்கள் நடுவில் போய் விழுந்தது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அதே காகங்கள் வந்து இரண்டு அடையை மடித்து எடுத்துக்கொண்டு போயின. புதன்கிழமை காலையும் வந்தன, சாயங்காலமும் வந்தன. வியாழக்கிழமை எமிமாள் தாம்பாளத்தின் மேல் மூடியும் மூடியின் மேல் அம்மிக் குழவியும் வைத்தாள். காகங்கள் குழவியை உருட்டிக் கீழே இறக்கிவிட்டு எடுத்துக்கொண்டு போயின, போகும்போது மூடியைத் திரும்ப மூடிவிட்டும் போயின. அந்த மரியாதையைப் பார்த்துத்தான் அவளுக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

"எமிமாக்கா, அது எங்க போவுதுன்னு தெரியுமா?" என்று கேட்டார் பால்காரர் தவமணி, சைக்கிளில் தெருத்தெருவாகப் போகிறவர். "தெக்குத் தெருவுக்கு. கெத்தூராள் வீட்டு அடுப்படி ஜன்னலுக்கு. நான் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன், அவிய ஜன்னல் கட்டையில வச்சிட்டு மூணு தடவ கரைஞ்சிட்டுப் போவுது."

எமிமாளின் கையிலிருந்த இட்லித் துணி அப்படியே நின்றது.

கெத்தூராள் வேறு யாருமில்லை, எமிமாளுடைய காலஞ்சென்ற புருஷனின் தம்பி பெண்டாட்டி. இருவரும் பேசிப் பதினோரு வருஷம் ஆகிறது. சொத்துச் சண்டையா, பிள்ளைச் சண்டையா என்றால் இரண்டும் இல்லை, உப்புச் சண்டை. சாரோன்விளையில் வருஷத்துக்கு ஒருமுறை கோயில் வளாகத்தில் ஊரே பந்தி போட்டு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற அசனப் பண்டிகை உண்டு. அந்த வருஷம் ஆயிரம் பேருக்கான சாம்பாருக்கு எமிமாள் உப்புப் போட்டாள், அவள் போட்டது தெரியாமல் கெத்தூராளும் உப்புப் போட்டாள், முதல் பந்தியில் உட்கார்ந்த வெளியூர்க் குருவானவர் ஒரு வாய் வைத்துவிட்டு மூன்று செம்புத் தண்ணீர் குடித்தார். "நான் போட்டுட்டேன்னு சொன்னேன்லா" என்று இவளும், "எங்கிட்ட யார் சொன்னா" என்று அவளும் இரண்டாயிரம் காது கேட்கக் கத்தினார்கள், அன்றைக்கு அறுந்த பேச்சு அறுந்ததுதான். ஊர்க்காரர்கள் அந்தச் சாம்பாரை இன்னும் மறக்கவில்லை.

போன மழைக்காலத்தில் கெத்தூராளின் புருஷன் ஜெயசீலன் காய்ச்சலில் போய்விட்டான். பிள்ளை குட்டி இல்லை. எமிமாள் அடக்கத்துக்குப் போனாள், கல்லறைத் தோட்டத்தில் ஒரு பிடி மண் போட்டாள், பேசாமல் திரும்பினாள். அதற்குப் பிறகு கெத்தூராள் அடுப்பு மூட்டவில்லை, கருப்பட்டித் துண்டும் பச்சைத் தண்ணீருமாகக் கிடந்தாள். அனுப்பின சாப்பாட்டையும் வாங்கவில்லை. எத்தனையோ வீட்டிலிருந்து தூக்குவாளி போயிற்று, எல்லாம் போன சூட்டோடு திரும்பி வந்தது. ஏன் என்று கேட்டவர்களிடம் அவள் ஒரே பதில்தான் சொன்னாள். பத்து வருஷமாகக் கோயிலுக்குப் பிடி அரிசி பிரித்தவள் அவள். வீட்டுக்கு வீடு பெண்கள் உலை வைக்கும்போது கர்த்தருக்கென்று ஒதுக்கி வைக்கிற கைப்பிடி அரிசியைப் பை தூக்கிப் போய் வாங்கி வருகிற வேலை. "கொடுக்கிறவ மூஞ்சி எப்படி இருக்கும்னு பத்து வருஷம் பாத்தாச்சு. அந்த மூஞ்சிய என் சோத்துக்கு நான் பாக்க மாட்டேன்" என்பாள். சாப்பிடாமல் சாப்பிடாமல் கன்னம் ஒட்டிப்போய், அவள் ரொம்ப நாள் தாங்க மாட்டாள் என்று நர்ஸம்மாவே சொல்லிவிட்டார்கள். அதைக் கேள்விப்பட்ட திங்கட்கிழமை எமிமாள் கடையில் நின்று, "கெடக்கட்டும், வீம்புக்காரி" என்று சொன்னாள். செவ்வாய்க்கிழமை காலையில் காகங்கள் வந்தன.

காகம் கொண்டுவந்ததைக் கெத்தூராள் வாங்கிக்கொண்டாள். முதல் நாள் ஜன்னல் கட்டையில் இலையைப் பார்த்ததும் அழுதாள், முழங்கால் போட்டாள், ஐந்து இட்லியையும் தின்றாள். பஞ்ச காலத்தில் தீர்க்கதரிசி எலியாவுக்குக் காகத்தைக் கொண்டு அப்பமும் இறைச்சியும் அனுப்பின தேவன் எனக்கு இட்லி அனுப்பியிருக்கிறார், இதை வேண்டாம் என்று சொல்ல நான் யார் என்று பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் ஜன்னல் வழியாகச் சொன்னாள். பேச்சு பத்து நிமிஷத்தில் கோயில் வாசலுக்கு வந்துவிட்டது.

சாரோன்விளைக்காரர்கள் அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்றால், காகம் சோறு சுமப்பதைப் பற்றி ஒருவரும் வாயைப் பிளக்கவில்லை, வேதத்தில் இருப்பதுதானே என்று விட்டுவிட்டார்கள். அவர்களுக்கு வந்த கவலையே வேறு. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் கிறிஸ்து வேதத்துக்கு வந்த நாளிலிருந்து அந்த ஊரில் யாரும் காகத்துக்குச் சோறு வைப்பது கிடையாது, செத்தவர்களுக்குப் படைக்கிற பழக்கத்தை விட்டுவிட்டோம் என்பதற்கு அதுவே அடையாளம், காகம் முற்றத்தில் உட்கார்ந்தாலே கல்லெடுக்கிற கைகள். இப்போது என்ன செய்வது? விரட்டினால் கெத்தூராள் பட்டினி, வைத்தால் புறஜாதிப் பழக்கம். சபைக் கமிட்டி கூடிற்று. இரண்டு மணி நேரம் வாதாடி, மூன்று சுற்றுக் காப்பி குடித்து, "காகத்துக்கு ஆகாரம் வைக்கக் கூடாது, விரட்டவும் கூடாது, அவரவர் பாத்திரத்தை மூடுவதும் திறந்து வைப்பதும் அவரவர் சௌகரியம்" என்று தீர்மானம் எழுதினார்கள்.

அந்தத் தீர்மானத்துக்குப் பிறகு ஊரில் ஒரு பாத்திரமும் மூடப்படவில்லை. தன் வீட்டுப் பலகாரத்தைக் காகம் தொடாதா என்று பெண்கள் பணியாரத்தையும் புட்டையும் முற்றத்தில் திறந்து போட்டுவிட்டு, காகத்தைப் பார்க்காதது மாதிரி வேறு பக்கம் திரும்பி நின்றார்கள். "ஒங்க வீட்டுக்கு வந்துதா?" "இல்லட்டி, ஒங்க வீட்டுக்கு?" பூனைகள் கொழுத்தன, அவ்வளவுதான். காகங்கள் எமிமாள் கடையைத் தவிர வேறெங்கும் தொடவில்லை. கெத்தூராளுக்கு மட்டும் அது எந்த அடுப்பிலிருந்து வருகிறது என்று யாரும் சொல்லவில்லை. சொன்னால் அந்த ஐந்து இட்லியையும் தள்ளிவிடுவாள், செத்தும் போவாள் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு நிச்சயதார்த்தத்தை ஒரு மணி நேரம் மறைக்கத் தெரியாத ஊர் இந்த ஒரு விஷயத்தை மாதக்கணக்கில் வாய்க்குள் வைத்திருந்தது. சும்மா சொல்லக் கூடாது, அதுவும் ஒரு அற்புதம்தான்.

எமிமாளுக்குத்தான் ஆறவே இல்லை. "என் இட்லி, என்னக் கேக்காம, அவளுக்கா?" என்று அடுப்பைக் கிண்டிக் கிண்டிக் கேட்டாள். மூடி போட்டாலும் நிற்காது என்பதால் போட்டுப் பிரயோஜனமில்லை. சபைக் குருவானவரை அந்தப் பக்கத்தில் ஐயர் என்பார்கள். அந்த ஊர் ஐயர் கிதியோன், நாற்பது வயசுக்காரர், அந்த ஞாயிற்றுக்கிழமை எலியாவைப் பற்றி முக்கால் மணி நேரம் பிரசங்கம் பண்ணினார். எலியாவின் விசுவாசம், எலியாவின் கீழ்ப்படிதல், எலியாவின் பொறுமை. எமிமாள் ஆராதனை முடிந்ததும் வாசலில் அவரை மறித்தாள்.

"ஐயா, ஒரு சந்தேகம். அந்தக் காக்கா அப்பத்தையும் கறியையும் யார் வீட்டுல இருந்து எடுத்துச்சு?"

ஐயர் சிரித்தார். "அது எழுதலியேக்கா. கர்த்தர் காகங்களுக்குக் கட்டளையிட்டார்னுதான் இருக்கு."

"காக்காய்க்கு மாவு பிசையத் தெரியுமா? அடுப்பு மூட்டத் தெரியுமா? ஊரெல்லாம் பஞ்சம்னு நீங்கதான சொன்னிய. அந்தப் பஞ்சத்துல ஒருத்தி இருந்த மாவத் தட்டிச் சுட்டு வச்சிருக்கா. திரும்பிப் பாத்தா காணல. காலையிலயும் காணல, சாயங்காலமும் காணல. அவ என்ன பாடுபட்டிருப்பா? பிள்ளையளப் போட்டு அடிச்சிருப்பா. பக்கத்து வீட்டுக்காரியச் சந்தேகப்பட்டிருப்பா. காக்காய வாய்க்கு வந்தபடி ஏசியிருப்பா. தீர்க்கதரிசிக்கு நாமதான் சோறு போட்டோம்னு..." அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அது அவளுக்குச் சாகுற வரைக்கும் தெரியாதுல்லா, ஐயா?"

ஐயர் கையிலிருந்த வேதப் புத்தகத்தைத் திறந்து அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தார். "பதினஞ்சு வருஷமா இந்தக் கதையப் பிரசங்கம் பண்ணுதேன்" என்றார். "அந்தம்மாவ நான் பாத்ததே இல்லக்கா."

வீட்டுக்கு நடந்து போகிற வழியெல்லாம் எமிமாள் அழுதுகொண்டே போனாள், துக்கத்தில் இல்லை. அந்தப் பேர் தெரியாத பெண்ணுக்குக் கொடுத்து வைக்காதது தனக்குக் கொடுத்து வைத்திருக்கிறது, தன் அடுப்பிலிருந்து போவது எங்கே போய்ச் சேருகிறது என்று தனக்குத் தெரிந்திருக்கிறது, "கெடக்கட்டும்" என்று சொன்ன வாயைக் கர்த்தர் காதில் போட்டுக்கொள்ளாமல் கையை மட்டும் வேலைக்கு எடுத்துக்கொண்டார் என்று நினைக்க நினைக்க, "ஸ்தோத்திரம் அப்பா, ஸ்தோத்திரம் அப்பா" என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது. இப்படி ஒரு திருட்டுக்கு யார் நன்றி சொல்லியிருக்கிறார்கள்?

மறுநாளிலிருந்து முதல் ஈட்டில் நடுக்குழி இட்லிகள் காகத்துக்கென்று நின்றன. வைக்கவில்லை, தீர்மானம் இருக்கிறதே. தாம்பாளத்தின் ஓரத்தில் தற்செயலாகக் கிடந்தன. இலை தற்செயலாக அளவாக அறுத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தற்செயலாக நாலு துண்டுக் கோழி வறுவலும் கிடந்தது, காகங்கள் அதையும் எடுத்துக்கொண்டு ஆராதனைக்கு முன்னாலேயே கொண்டு சேர்த்தன. கெத்தூராளின் கன்னம் மெல்ல நிரம்பிற்று. மாதர் சங்கத்துப் பெண்கள் ஜெபிக்கப் போனபோது எமிமாளும் கடைசி ஆளாகப் போய்த் தெருவிலேயே நின்றாள், உள்ளே கெத்தூராள் சாட்சி சொன்னது காதில் விழுந்தது. "மனுஷர் கை படாத சாப்பாடும்மா. பரலோகத்துச் சாப்பாடு."

மனுஷர் கை படாததா! மூன்று மணிக்கு எழுந்து அவிக்கிற கை யாருடையதாம்? எமிமாளுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள். அன்றைக்கு அவள் முழுங்கினது லேசான முழுங்கல் இல்லை.

அப்படியே மாசி போய், பங்குனி போய், சித்திரை வெயிலில் செம்மண் தேரி மணல் கொதிக்கத் தொடங்கின ஒரு திங்கட்கிழமை காகங்கள் வரவில்லை. ஊரில் காகங்கள் இருந்தன, மாமரத்தில் உட்கார்ந்து கரைந்தன, இட்லித் தாம்பாளத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். இட்லி ஆறிற்று. சாயங்காலம் அடை ஆறிற்று. செவ்வாய்க்கிழமையும் வரவில்லை, புதன்கிழமையும் வரவில்லை. தெற்குத் தெருவில் கெத்தூராள் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தூக்குவாளிகள் மறுபடியும் போயின, மறுபடியும் திரும்பி வந்தன. "அனுப்பினவர் அனுப்பட்டும். இல்லன்னா கூப்பிட்டுக்கிடட்டும்" என்றாளாம். ஐயர் போய் ஜன்னலண்டை நின்று ஜெபித்தார். "காகம் ஏன் வரல ஐயா?" என்று அவள் கேட்டதற்கு அவர் இன்னொரு ஜெபம் பண்ணிவிட்டு வந்தார்.

எமிமாளுக்குத் திங்கட்கிழமையிலிருந்து ஒரு பருக்கை இறங்கவில்லை. காகம் எடுக்காத இட்லியை விற்கவும் மனசில்லை, தின்னவும் மனசில்லை. புதன்கிழமை மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு ஐயர் வீட்டுக்குப் போனாள்.

"அதுக்கப்புறம் என்ன நடந்துச்சுன்னு வாசிங்க, ஐயா. காக்கா நின்னதுக்கு அப்புறம்."

ஐயர் எடுத்து வாசித்தார். எலியா தண்ணீர் குடித்த ஆறு வற்றிப்போனது, நீ எழுந்து சாறிபாத் ஊருக்குப் போ என்று எலியாவுக்குச் சொல்லப்பட்டது, உன்னைப் பராமரிக்கும்படி அங்கே ஒரு விதவைக்குக் கட்டளையிட்டிருக்கிறேன் என்று கர்த்தர் சொன்னது. எமிமாள் அதற்கு மேல் கேட்கவில்லை. விதவை நான்தான், கட்டளை எனக்குத்தான், இவ்வளவு நாளும் காகத்தின் கையில் கொடுத்துவிட்டு ஒளிந்துகொண்டிருந்தது போதும் என்று ஓட்டமும் நடையுமாகக் கடைக்கு வந்தாள். பச்சரிசிச் சோறு வடித்து, பருப்புக் கடைந்து, முட்டை பொரித்து, நாலு அடுக்குத் தூக்குவாளியை நிறைத்துக்கொண்டு வெயிலில் தெற்குத் தெருவுக்கு நடந்தாள்.

பாதி வழியில், கல்லறைத் தோட்டத்துச் சுவருக்குப் பக்கத்தில், அவளுக்குக் கால் நின்றுவிட்டது. ஞாயிறு பள்ளியில் படித்த மீதிக் கதை இப்போதுதான் ஞாபகம் வந்தது. எலியா அந்த ஊருக்கு எதைத் தூக்கிக்கொண்டு போனான்? ஒன்றையும் தூக்கிக்கொண்டு போகவில்லை. வெறுங்கையோடு, பசியோடு போனான். ஊர் வாசலில் ஒரு விதவை விறகு பொறுக்கிக்கொண்டு நின்றாள், பானையில் ஒரு பிடி மாவு, அதைத் தின்றுவிட்டுச் செத்துப்போகலாம் என்று இருந்தவள். அவளிடம் போய் அவன், இந்தா என்று நீட்டவில்லை, எனக்குக் கொஞ்சம் கொண்டு வா என்று கேட்டான். சாவதற்கு இருந்தவளை அந்தக் கேள்விதான் அடுப்பண்டை கொண்டுபோய் நிறுத்திற்று.

"அடி மண்டூகமே" என்று எமிமாள் தன்னையே ஏசிக்கொண்டாள். "விதவை நீயில்லட்டி. விதவை அவ."

தூக்குவாளியைக் கல்லறைச் சுவர் மேல் வைத்தாள். எந்தப் பூனைக்குக் கொடுத்து வைத்திருக்கிறதோ அது தின்னட்டும். வெறுங்கையை வீசிக்கொண்டு நடப்பது அவளுக்குப் பழக்கமில்லாத காரியம், கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. இட்லி தள்ளிவிடப்படுமோ என்று பயந்தவளுக்கு இப்போது தானே தள்ளிவிடப்படுவோமோ என்று பயமாக இருந்தது. இந்த வயசில் ஒரு வாசலில் போய் நின்று பசிக்குது என்று சொல்லி, போ என்று சொல்லிவிட்டால்? கெத்தூராளின் தெருக்கதவு சாத்தியிருந்தது. தட்டினாள்.

"யாரு?"

"நான்தான், எமிமா."

உள்ளேயிருந்து குரல் வந்தது, "சோறு கொண்டாந்திருந்தா அப்படியே கொண்டு போயிருங்க, எனக்கு வேண்டாம்."

"நான் ஒண்ணும் கொண்டாரல" என்றாள் எமிமாள். கதவில் கையை ஊன்றிக்கொண்டாள். "கெத்தூரா, எனக்குப் பசிக்குதுட்டி. மூணு நாளா சாப்பிடல. எனக்கு ஒரு வாய் கஞ்சி வச்சுத் தாரியா?"

கட்டில் கிறீச்சிட்டது, சுவரைப் பிடித்துப் பிடித்து வருகிற காலடி கேட்டது, தாழ்ப்பாள் விழுந்தது. கெத்தூராள் எமிமாளின் கைகளைப் பார்த்தாள், இரண்டும் காலியாக இருந்தன; முகத்தைப் பார்த்தாள், அவள் பத்து வருஷம் வாசல் வாசலாகப் பார்த்து வெறுத்த அந்தக் கொடுக்கிற முகம் அதில் இல்லை, கண் குழி விழுந்து, உதடு காய்ந்து, பசித்த ஒரு பொம்பளையின் முகம்தான் இருந்தது.

"உள்ள வாங்கக்கா" என்றாள். "வெயில்ல நிக்காதிய."

ஆறு மாதமாகத் தொடாத அரிசிப் பானையில் வண்டு விழுந்திருந்தது. கெத்தூராள் சுளகை எடுத்துப் புடைத்தாள், நிறுத்தி நிறுத்திப் புடைத்தாள். எமிமாள் எழுந்திருக்கப் போனபோது, "நீங்க சும்மா இரிங்க, என் வீட்டுக்கு வந்திருக்கிய" என்று அதட்டினாள். அந்த அதட்டலைக் கேட்டு எமிமாள் திரும்ப உட்கார்ந்தாள். தென்னமட்டை புகைந்து, பற்றிக்கொண்டது. உலை கொதித்தது. காணப் பயற்றை வறுத்துத் துவையல் அரைத்தாள், அம்மியில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே அரைத்தாள்.

"காக்கா கொண்டாந்தது யார் இட்லின்னு எனக்கு மொத நாளே தெரியும்" என்றாள், திரும்பிப் பார்க்காமல். "அந்தப் பதம் இந்த ஊருல வேற யாருக்கு வரும்? காக்காகிட்ட வாங்கினா யாருக்கும் நன்றி சொல்ல வேண்டாம் பாருங்க. அதான் வாயப் பொத்திக்கிட்டுத் தின்னேன்."

"நானும்தாம்ட்டி" என்றாள் எமிமாள். "காக்கா எடுத்துட்டுப் போனா நான் ஒன் வாசலுக்கு வர வேண்டாம் பாரு."

இரண்டு தட்டில் கஞ்சி வந்தது. இருபத்திரண்டு வருஷமாக, புருஷன் போன நாளிலிருந்து, ஊர் முழுக்கத் தின்னப் போட்ட எமிமாளை ஒருவரும் உட்கார வைத்துத் தட்டு எடுத்து வைத்ததில்லை, அது அவளுக்கே இப்போதுதான் தெரிந்தது. ஆவி பறக்கிற தட்டைப் பார்த்துக்கொண்டு, தொடையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, பிள்ளைத்தாய்ச்சி மாதிரி மூச்சு முட்டி உட்கார்ந்திருந்தாள்.

"இருங்க, ஜெபம் பண்ணிருவோம்" என்று கெத்தூராள் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, முக்காடு இட்டு, கண்ணை மூடினாள்.

"அப்பா, எங்கக்காவப் பசியோட என் வாசலுக்கு அனுப்புனீரே, ஒமக்கு ஸ்தோத்திரம்."